தெத்தாமு கணக்கு

28 செப்டம்பர், ஞாயிறு

காலையிலிருந்து மழை. ஈப்போவை ஒட்டிய இந்தப் பெர்ச்சாமில் மழை பிடித்தால் எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்னால் ஓடும் கால்வாய் பேச ஆரம்பித்துவிடும். அதைக் கேட்டுக்கொண்டு, மயிலின் கழுத்துக்கு எந்த நீலம் என்று யோசித்தபடி கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அண்ணி இரண்டு முறை கூப்பிட்டாராம். "இவளக் கூப்பிடணும்னா தபால்தான் போடணும் லா" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

படம் முடியப்போகிறது. ஈப்போவில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் தீபாவளிக்கு வண்ண அரிசிக் கோலம் போடும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. இத்தனை வருடம் மற்றவர்கள் வரைந்த கோலத்துக்குக் குனிந்து அரிசி தூவியவள் நான். இது நான் வரைந்தது. பேரங்காடி அலுவலகத்து ஷாமினி பத்தாம் தேதிக்குள் படத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அடுத்த இரண்டு நாளில் அதைத் தரையில் இறக்க வேண்டும். இது நன்றாக அமைந்தால் பொங்கலுக்கு ஒரு ஹோட்டலில் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். நான் ஈப்போவிலேயே இருந்துவிடலாம். அமையாவிட்டால் மறுபடி கிள்ளான்தான், கணவர் வீடு.

அண்ணன் போனில் பவித்ரனோடு பேசியதும் கேட்டது. "தீபாவளிக்கு வாங்க மச்சான். வந்து கூட்டிட்டுப் போங்க. அவளும் எத்தன நாளைக்குத்தான் இங்க..." மிச்சத்தை மழை எடுத்துக்கொண்டது.

பவித்ரன் என் கணவர். அவரைப் பற்றி நான் என்ன குறை சொல்ல முடியும்? எழுதினாலாவது தெளிகிறதா பார்க்கிறேன். அடித்ததில்லை. குடித்ததில்லை. யாராவது என்னிடம் ஒன்று கேட்டால் அவரே பதில் சொல்லிவிடுவார், அவ்வளவுதான். "புனிதாவுக்கு டீதான் பிடிக்கும்." "புனிதாவுக்கு வேலைக்குப் போக இஷ்டமில்ல." ஏழு வருடத்தில் எனக்கே குழப்பம் வந்துவிட்டது. எனக்குக் காப்பி பிடிக்குமா, பிடிக்காதா?

பொங்கல் முடிந்த கையோடு ஒரு பையை எடுத்துக்கொண்டு இங்கே அண்ணன் வீட்டுக்கு வந்தேன். வந்த வாரமே அண்ணன் கூடத்துக் கணினியில் எனக்கென்று ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். பெயர் கேட்ட இடத்தில் யோசிக்காமல் 'தெத்தாமு' என்று அடித்தார். மலாயில் விருந்தாளி. "கொஞ்ச நாளுக்குத்தானே லா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. அண்ணன் கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். இந்த நாள் அவருக்குத் தீபாவளியைவிடப் பெரிது. சாயங்காலம் வந்ததும் குளித்து, ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கினார். துளைபோடும் இயந்திரம், மோட்டார் சைக்கிள், கார், அண்ணியின் மிக்ஸி, என் கத்தரிக்கோல். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ.

கணினியை நான் அணைத்துவிட்டுத்தான் சுண்டல் தாளிக்கப் போனேன். ஆனால் அது ஏதோ புதுப்பித்துக்கொண்டிருந்தது. திரையில் அந்தப் புள்ளிகள் சுற்றிக்கொண்டு, 'அணைக்காதீர்கள்' என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஓய்வா இருக்குற நேரத்துல இது மட்டும் என்னா மொனகிக்கிட்டு இருக்கு?" என்று சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டார். பெட்டி மூச்சை நிறுத்தியது. நெற்றியில் குங்குமம், தலையில் செவ்வந்தி.

சுண்டலுக்கு உப்பு சரியாக இருந்தது.

2 அக்டோபர், வியாழன்

விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து அண்ணனே கணினியைத் திறந்தார். தெத்தாமுவைத் தொட்டு பாஸ்வேர்ட் அடித்தேன். உங்கள் கணக்குக்குள் போக முடியவில்லை என்றது. பிறகு ஒரு வெறும் நீலத் திரையில் கொண்டுபோய் விட்டது. மயில் இல்லை. படங்கள் இல்லை. வரைகிற மென்பொருளும் இல்லை. கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கி வந்த பெட்டி மாதிரி இருந்தது.

என் மயில் எங்க? எட்டு நாள்தான் இருக்கு, எங்கடி போய்த் தேடுவேன்...

அண்ணன் பின்னால் நின்று பார்த்தார். "சரஸ்வதி புதுசா ஒண்ணு குடுத்திருக்கா லா" என்றார். அண்ணி அவரை முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

அழுதேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு.

3 அக்டோபர், வெள்ளி

சரி, திரும்ப வரைவோம் என்று உட்கார்ந்தேன். இந்த வெறும் திரையில் பெயிண்ட் மட்டும்தான் இருந்தது. குழந்தைகள் கிறுக்கும் பெயிண்ட். மயில் வரவில்லை. கை எதையோ போட்டுக்கொண்டே போனது. மூன்று இலையாகப் பிரிகிற ரப்பர் இலை. அதுவும் பச்சையில் இல்லை, இலையுதிர் காலத்தில் மரத்திலேயே பழுத்து நிற்குமே அந்தச் செம்மஞ்சளில். கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில்தான் அண்ணனும் நானும் பிறந்தோம். அங்கே இப்போது ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். அதையெல்லாம் நினைத்து நான் வரையவில்லை. அந்த நிறம் கையில் இருந்தது, வந்தது.

மத்தியானம் முழுக்க வரைந்தேன். நன்றாகவே இருந்தது. டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டு வெளியேறினேன்.

அண்ணி சீரியல் பார்த்து முடித்ததும் திரும்ப உள்ளே போனேன். இல்லை. ஒன்றுமே இல்லை. மறுபடியும் அதே வெறும் நீலம். மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு எட்டிப் பார்த்தது: இது தற்காலிகக் கணக்கு, வெளியேறினால் இங்கே வைத்ததெல்லாம் அழிந்துவிடும். நேற்றும் இது வந்திருக்கும். கண்ணைத் துடைப்பதில் நான்தான் பார்க்கவில்லை.

4 அக்டோபர், சனி

கணினிக் கடைக்காரர் ராஜுவிடம் போனில் கேட்டேன். "ஃபார்மேட் பண்ணிரலாம் அக்கா, சுத்தமா ஆயிரும்" என்றார். சுத்தமாகத்தானே இருக்கிறது, அதுதானே பிரச்சினை!

5 அக்டோபர், ஞாயிறு

கனவில் ஒரு நீல அறை. ஜன்னல் இல்லை, ஆனால் மழை கேட்கிறது. என் கையில் அரிசி. கீழே போடப் போட மறைகிறது. பயமாக இல்லை. போட்டுக்கொண்டே இருந்தேன்.

விழித்ததும் ஒரு யோசனை வந்தது. எழுதுவது எல்லாம் அழிந்துபோகும் இடம் இந்த வீட்டில் வேறு எங்கே இருக்கிறது? இந்த நாட்குறிப்பைக்கூட அண்ணி தூசு தட்டும்போது புரட்டிப் பார்க்கலாம். (அண்ணி, பார்த்தால் என்னிடம் சொல்லுங்கள்.) அந்த வெறும் திரைக்குள் போய், நோட்பேடைத் திறந்து, பவித்ரனுக்கு எழுதினேன்.

'நான் வரவில்லை.'

அதற்கு மேல் ஓடவில்லை. அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெயர் கொடுத்துச் சேமித்தேன், முறைப்படி. வெளியேறினேன். போய்விட்டது. உடம்பு லேசாக, காய்ச்சல் விட்டதுபோல் இருந்தது.

6 அக்டோபர், திங்கள்

இன்றும் எழுதினேன். கொஞ்சம் நீளமாக வந்தது. 'நான் வரவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை. கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்லிப் பார்க்க வேண்டும்.' கடைசி வரியை எடுத்தேன், மறுபடி போட்டேன். வெளியேறினேன்.

அழிந்ததெல்லாம் எங்கே போகும்? கால்வாய்த் தண்ணீர் கிந்தா ஆற்றுக்குப் போகிறது, அது பேராக் ஆற்றுக்கு, அது கடலுக்கு. என் ரப்பர் இலையும் இந்த மூன்று வரியும் எந்தக் கடலில் இருக்கும்? இப்படி யோசித்துக்கொண்டு நின்றதில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. அண்ணி தபால் போடுவதைப் பற்றி மறுபடியும் சொன்னார்.

7 அக்டோபர், செவ்வாய்

போனில் தேடித் தேடி ஒரு கட்டுரை கிடைத்தது. இது ஊரெல்லாம் நடக்கிற கோளாறாம். பாதியில் மின்சாரம் போனால் கணக்கு உடைந்துவிடும், ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் அப்படியே இருக்குமாம். அதில் சொன்னபடி உள்ளே தேடினால், தெத்தாமு என்ற ஃபோல்டர் இருந்தது! மயில் கோப்பும் அதற்குள் இருந்தது. தொட்டால், இதை எதைக் கொண்டு திறப்பது என்று தெரியவில்லை என்றது. வரைகிற மென்பொருள் என் பழைய கணக்குக்குள் மட்டும் இருக்கிறதே, அதனால்தான். கண்ணெதிரே இருக்கிறது, எடுக்க முடியவில்லை.

முதலில் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். அடுத்த படிக்கு அண்ணன் கணக்கு வேண்டும், அதற்குத்தான் எதையும் மாற்றும் உரிமை உண்டு. அண்ணன் வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். நம்மால் வந்தது என்ற குற்ற உணர்ச்சி, வாயால் சொல்ல மாட்டார். பாஸ்வேர்ட் அடிக்கும்போது என்னைத் திரும்பிக்கொள்ளச் சொன்னார். "அண்ணி பேரும் கார் நம்பரும்தானே?" என்றேன். "உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். இந்தத் தெருவுக்கே தெரியும்.

ரெஜிஸ்ட்ரி என்கிற இடத்தைத் திறந்தோம். நீள நீளமான எண்கள். அதில் என் எண் மட்டும் இரண்டு தடவை இருந்தது. ஒரே எண்தான், ஆனால் ஒன்றின் வாலில் மட்டும் ஒரு புள்ளி வைத்து பி, ஏ, கே என்று இருந்தது. வால் உள்ளதைத் தொட்டால் தெத்தாமு ஃபோல்டரைக் காட்டியது. வால் இல்லாததைத் தொட்டால் 'டெம்ப்', தற்காலிகம் என்று காட்டியது.

எனக்குத் தலை சுற்றியது. அண்ணன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நம்ம பம்ப்பு கதைதான் லா. எங்க ஃபேக்டரில ரெண்டு பம்ப்பு இருக்கும். மெயின் ஒண்ணு, ஸ்டேண்ட்பை ஒண்ணு. மெயின் பம்ப்ப நிறுத்துனா அதுல செவப்பு அட்டை தொங்க விடுவோம், யாரும் தொடக்கூடாதுன்னு. வேல முடிஞ்சும் சமயத்துல அட்டையக் கழட்ட மறந்துருவானுங்க. மெயின் நல்லாத்தான் இருக்கும், சும்மா கெடக்கும். ஸ்டேண்ட்பை ஓடிக்கிட்டே இருக்கும்."

"அப்ப இந்த வாலுதான் செவப்பு அட்டையா அண்ணே?"

"அட்டைய மாத்தி மாட்டு. அவ்ளோதான்."

கட்டுரையும் அதைத்தான் சொன்னது. கையை மவுஸ்மேல் வைத்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "இன்னிக்குச் செவ்வாக்கெழம. நாளைக்குச் செய்வோம்."

மூன்று நாள் மிச்சம் இருக்கும்போது நல்ல நாள் பார்க்கிற ஆள்! ஆனால் விட்டுவிட்டேன். எனக்கும் ஒரு நாள் வேண்டியிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த நீல அறைக்குள் போய் ஒரு தடவை எழுதிவிட்டு வந்தேன். இன்று ஒரு வரியையும் மாற்றவில்லை.

8 அக்டோபர், புதன்

அண்ணன் விடுப்பு எடுத்துவிட்டார்! பெட்டிக்குக் கற்பூரம் காட்டப் போனவரை அண்ணி தடுத்து, "ஏற்கெனவே காட்டுனது போதும்" என்றார்.

வால் இல்லாத எண்ணுக்கு வேறு ஒரு வாலை ஒட்டினேன். வால் உள்ளதிலிருந்து வாலை எடுத்தேன். இன்னும் இரண்டு இடத்தில் பூஜ்யம் போடச் சொன்னது, போட்டேன். அணைத்துத் திறந்தோம். மூன்று பேரும் நின்றுகொண்டே பார்த்தோம்.

தெத்தாமு. பாஸ்வேர்ட். நல்வரவு.

மயில்! என் மயில், என் நீலம், நான் மூலையில் ஒட்டி வைத்த மஞ்சள் சீட்டு, அண்ணி கேட்ட புடவைப் படம், எல்லாம் போட்டது போட்டபடி. அண்ணியைக் கட்டிக்கொண்டேன். அண்ணன் ஸ்பேனரைக் கையில் வைத்திருந்தார், எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

மத்தியானம் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போன பிறகு எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அந்த வெறும் அறை இனி இல்லை. ரப்பர் இலை போனது போனதுதான். பேசிப் பழகிய இடமும் போய்விட்டது. இனி எதை எழுதினாலும் இருக்கும். அது பயமாக இருக்கிறது.

9 அக்டோபர், வியாழன்

படத்தை அனுப்பிவிட்டேன். ஷாமினி கட்டைவிரலை உயர்த்தினாள்.

12 அக்டோபர், ஞாயிறு

முதுகு ஒடிந்துவிட்டது. ஆனந்தமாக ஒடிந்திருக்கிறது.

வண்ண அரிசியை மழைக்குப் பயந்து கூடத்திலேயே பாய் விரித்து, மின்விசிறிக்குக் கீழே காய வைத்திருந்தோம். வீடே நிறம் நிறமாகக் கிடந்தது. அண்ணன் செருப்பில்லாமல் ஓரமாக நடந்தார். நேற்றும் இன்றும் அண்ணி என்னோடு வந்து பேரங்காடித் தரையில் உட்கார்ந்து தூவினார். நின்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் "இவதான் வரைஞ்சா, நான் சும்மா கூலி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மயில் முடிந்ததும் ஓரம் பாக்கி. படத்தில் மாங்காய் வரிசை போட்டிருந்தேன். கையில் செம்மஞ்சள் அரிசியை எடுத்தேன். மாங்காய் வரவில்லை. மூன்று இலை வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. அழிந்துபோனது என்று நினைத்திருந்தேன், கைக்கு ஒவ்வொரு வளைவும் தெரிந்திருந்தது. ஷாமினி வந்து பார்த்து, படத்தில் இது இல்லையே என்றாள். "நான் மாத்திட்டேன்" என்றேன். அவள் யோசித்தாள். அண்ணி வாயைத் திறக்கப் போய் மூடிக்கொண்டார். ஷாமினி, "சரி, நல்லாத்தான் இருக்கு" என்று போய்விட்டாள்.

சாயங்காலம் ஒரு சீனப் பெரியவர் பையோடு நின்று ஓரத்தையே பார்த்தார். "டாவுன் கெத்தா?" என்று கேட்டார், ரப்பர் இலையா என்று. ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டு லிஃப்ட் பக்கம் போனார்.

தீபாவளி முடிந்ததும் இதைக் கூட்டி அள்ளிவிடுவார்கள். அள்ளட்டும்.

16 அக்டோபர், வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

பவித்ரன் அழைத்தார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு சட்டை மடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார் அவர். "அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேன் மச்சான்" என்றார் அண்ணன். அந்த அளவுக்காவது அண்ணன் சொன்னாரே, நல்லது. அதற்குள் போனிலிருந்து பதில் வந்தது. "அவகிட்ட என்னா கேக்குறது? புனிதாவுக்கு வரணும்னுதான் இருக்கும். அவளப் பத்தி எனக்குத் தெரியும்."

நான் அரிசித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக்கையோடு போய்ப் போன் பக்கத்தில் நின்றேன். "நான் வரல. உங்க மேல கோவம் இல்ல. கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்லிப் பாக்கணும்."

அவ்வளவும் தங்கு தடையில்லாமல் வந்தது. என் குரல்தானா? பவித்ரன், "உங்க அண்ணன்கிட்ட குடு" என்றார். அண்ணன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல், "வாரேன்னு சொன்னவர வராதீங்கன்னு என்னைய சொல்ல வெச்சிட்ட" என்றார். அதற்குப் பிறகு மழையில் கார் கழுவினார்.

ரெண்டு பேரும் என்னை விட்டுட்டா நான் எங்க போவேன்? ஆனா வாபஸ் வாங்க மாட்டேன். மாட்டேன்.

18 அக்டோபர், சனி

அண்ணன் இன்னும் பேசவில்லை. முறுக்கு சுட்டோம்.

19 அக்டோபர், ஞாயிறு

அண்ணி அண்ணனைச் சட்டை வாங்கப் பேரங்காடிக்குக் கூட்டிப் போனார். நான் வீட்டில் இருந்தேன். அண்ணி வந்து கிசுகிசுத்ததை எழுதுகிறேன்: "உங்க அண்ணன் சட்டைக் கடைக்கே வரல. கோலத்தச் சுத்திக் கயிறு கட்டியிருக்குல, அது ஓரமா நின்னுக்கிட்டே இருந்தாரு. செக்யூரிட்டி வந்து என்னான்னு கேட்டான். 'என் தங்கச்சி போட்டது'ன்னாரு. அந்த எலையக் காட்டி, 'இது எங்க தோட்டத்து எல'ன்னாரு. அவன் நேப்பாளக்காரன், அவனுக்கு என்னா புரியும்!"

அண்ணி சிரித்தார்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. பவித்ரன் வரவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஹோட்டலுக்குக் கோலப் படம் அனுப்பலாம் என்று கூடத்துக் கணினியைத் திறந்தேன்.

தெத்தாமு இல்லை. மறுபடியுமா? அப்புறம்தான் படித்தேன். அந்த இடத்தில் தமிழில் 'புனிதா' என்று இருந்தது.

அண்ணன் வாசலில் புதுச் சட்டையோடு நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "தமிழ் எழுத்து எங்க இருக்குன்னே தெரியல. காலைலேர்ந்து தேடித் தேடி அடிச்சேன். தப்பு இருந்தா சொல்லு" என்றார்.

"தப்பு இல்லண்ணே."

பெயரை மட்டும்தான் மாற்றியிருக்கிறார். உள்ளே ஃபோல்டரின் பெயர் இன்னும் தெத்தாமு என்றுதான் இருக்கும், கட்டுரையில் படித்தேன். அதைத் தொட்டால் எல்லாம் உடையுமாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "புனிதாவுக்கு டீயா, காப்பியா?" என்று கேட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன்கூடத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"காப்பி" என்றேன்.